மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ மாணவர்கள், ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவில் படிப்பவர்கள், வீட்டு வயரிங்கைப் புரிந்துகொள்ள விரும்பும் பெரியவர்கள் என யார் கேட்டாலும் ஐயங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஓம் விதியின் சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதில் வரும் மூன்று அளவுகளும் எதனுடைய அளவுகள், எங்கே அளக்கப்பட்டவை என்பதுதான் பலருக்கும் தெளிவாக இல்லை. அப்படிக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ் மூணுக்கும் என்ன வித்தியாசம்? சூத்திரம் இல்லாம சொல்லுங்க.

ஒரு கம்பியின் குறுக்குவெட்டை ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் கடக்கிறது என்பதே மின்னோட்டம். நொடிக்கு ஒரு கூலூம் கடந்தால் அது ஒரு ஆம்பியர்; எலக்ட்ரான்களாக எண்ணினால் ஏறத்தாழ 6.24 × 10¹⁸. அந்த மின்னூட்டம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் செல்லும்போது கூலூம் ஒன்றுக்கு எத்தனை ஜூல் ஆற்றலைக் கொடுக்கிறது அல்லது பெறுகிறது என்பது மின்னழுத்தம். கூலூமுக்கு ஒரு ஜூல் என்றால் அது ஒரு வோல்ட். ஒரு பொருளின் வழியே ஒரு ஆம்பியரைச் செலுத்த அதன் இரு முனைகளுக்கு இடையே எத்தனை வோல்ட் வேண்டும் என்பது அப்பொருளின் மின்தடை. அதன் அலகு ஓம்.

இந்த மூன்றையும் பேசும் முறையிலேயே வேறுபாடு இருக்கிறது. மின்னழுத்தம் எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ளது. மின்னோட்டம் ஒரு பாதையின் வழியே செல்வது. மின்தடை ஒரு பொருளுக்கு உரியது. யாராவது ‘இங்கே 230 வோல்ட் இருக்கிறது’ என்று சொன்னால், எதற்கும் எதற்கும் இடையே என்று கேட்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவையே.

தண்ணீர்த் தொட்டியை வெச்சு வகுப்புல விளக்கினாங்க. அந்த உவமை சரிதானா?

தொடக்கத்துக்குச் சரி. மாடியில் உள்ள தொட்டியின் உயரம் மின்னழுத்தத்துக்கும், குழாயில் நொடிக்கு இத்தனை லிட்டர் என்று ஓடும் நீர் மின்னோட்டத்துக்கும், குழாயின் குறுகல் மின்தடைக்கும் பொருந்தும். உயரமும் தரையிலிருந்து இவ்வளவு என்று இரண்டு இடங்களை ஒப்பிட்டே சொல்லப்படுவதால், முந்தைய விடையில் சொன்ன ‘இரண்டு புள்ளிகள்’ கருத்தையும் இது நன்றாகக் காட்டும்.

ஆனால் குழாயை வெட்டினால் தண்ணீர் வெளியே கொட்டும். கம்பியை வெட்டினால் ஓட்டம் நின்றுவிடும். தொட்டி காலியாகும், மின்சுற்றிலோ எலக்ட்ரான்கள் தீர்ந்துபோவதில்லை, சுற்றிக்கொண்டே இருக்கின்றன. இந்த இரண்டு இடங்களிலும் உவமை தவறான எண்ணத்தையே தரும் என்பதால், சுற்று என்ற கருத்து மனத்தில் நின்றவுடன் அதை விட்டுவிடுவது நல்லது.

ஸ்விட்ச் போட்ட உடனே லைட் எரியுது. எலக்ட்ரான் அவ்வளவு வேகமாவா ஓடுது?

இல்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் ஒரு ஆம்பியர் செல்லும்போது எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர் அளவுதான். ஒரு மணி நேரத்தில் ஒரு சாணைச் சற்றுத் தாண்டும். தாமிரத்தில் கட்டற்ற எலக்ட்ரான்கள் அவ்வளவு நெருக்கமாக நிறைந்திருப்பதால், இவ்வளவு மெதுவான நகர்வே ஒரு ஆம்பியருக்குப் போதுமானதாகிறது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் மாறும் மாறுதிசை மின்னோட்டம் என்பதால், அந்த எலக்ட்ரான்கள் எங்கும் பயணம் போவதே இல்லை. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூரத்துக்குள் அசைந்தபடி இருக்கின்றன.

உடனே பரவுவது மின்புலம். ஸ்விட்சை மூடியதும் அது ஒளியின் வேகத்தை நெருங்கிய வேகத்தில் கம்பி நெடுகப் பரவுகிறது. பல்பின் இழைக்குள் ஏற்கெனவே இருந்த எலக்ட்ரான்கள் அப்போதே நகரத் தொடங்குகின்றன. மின்வாரியம் நமக்கு அனுப்புவது எலக்ட்ரான்களை அல்ல, ஆற்றலைத்தான்.

பல்புக்குள்ள போன கரண்ட் அங்கயே செலவாகிடும்தானே? அப்புறம் எதுக்கு ரெண்டாவது கம்பி?

பல்புக்குள் நுழையும் மின்னோட்டமும் வெளியே வருவதும் ஒரே அளவுதான். 0.26 ஆம்பியர் நுழைந்தால் 0.26 ஆம்பியர் வெளியேறும். மின்னூட்டம் எங்கும் தேங்கவோ அழியவோ முடியாது. எனவே திரும்பி வரும் பாதை இல்லாவிட்டால் போகும் பாதையிலும் ஓட்டம் இருக்காது. செலவாவது ஆற்றல். கூலூம் ஒன்றுக்கு 230 ஜூல் என்ற கணக்கில் அது பல்பில் வெப்பமாகவும் ஒளியாகவும் மாறுகிறது. வீட்டு மீட்டரில் நாம் பணம் கட்டும் யூனிட் என்பதும் ஆற்றலின் அளவே: ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட்.

‘நுழைவதும் வெளியேறுவதும் சமம்’ என்பதை நினைவில் வையுங்கள். உயிர்காக்கும் கருவி ஒன்று இதை நம்பியே இயங்குகிறது. அது பின்னால் வரும்.

ஓம் விதி உண்மையில என்ன சொல்லுது? வெறும் கணக்குப் போடுற சூத்திரம்தானா?

ஒரு கடத்தியின் வெப்பநிலை மாறாதிருந்தால், அதன் வழியே செல்லும் மின்னோட்டம் அதன் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே விதி. மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. இங்கே ‘அதன் இரு முனைகளுக்கு இடையே’ என்ற சொற்களை மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். விதியின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது.

கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கேயார்க் சைமன் ஓம், வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளைச் சுற்றில் இணைத்து மின்னோட்டத்தை அளந்தார். அக்காலத்து மின்கலங்களின் மின்னழுத்தம் அளந்துகொண்டிருக்கும்போதே மாறிவிடும். எனவே 1826-இல் அவர் மின்கலத்தைக் கைவிட்டு, பிஸ்மத், தாமிரம் ஆகிய இரு உலோகங்களை இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, நிலையான மின்னழுத்தத்தைப் பெற்றார். முடிவுகளை விரிவான நூலாக 1827-இல் வெளியிட்டார். தொடக்கத்தில் உரிய வரவேற்பு இல்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது. ஆக, இது அளந்து கண்டுபிடிக்கப்பட்ட பொருள்களின் இயல்பு. எல்லாப் பொருள்களும் இதற்குக் கட்டுப்படவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வீட்டுக் கணக்கு ஒன்று: 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் எடுக்கும். அதன் மின்தடை 53 ஓம். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் 8.7 ஆம்பியர் எடுக்கும். அதன் மின்தடை ஏறத்தாழ 26.5 ஓம். இந்த எண்களைக் கீழேயும் பயன்படுத்துவேன்.

மல்டிமீட்டர்ல வோல்டேஜ் அளக்குற மாதிரியே கரண்டையும் அளக்கலாமா?

கூடாது, பிளக் பாயிண்ட்டில் அப்படிச் செய்வது ஆபத்து. மின்னழுத்தம் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ளது, ஆகவே மீட்டரின் இரு முனைகளையும் அந்த இரண்டு புள்ளிகளில் வைக்கிறோம். சுற்றைக் கெடுக்காமலிருக்க மீட்டரின் மின்தடை மிகப் பெரியதாக, பொதுவாக ஒரு கோடி ஓம் அளவில், வைக்கப்பட்டிருக்கும். மின்னோட்டம் பாதையின் வழியே செல்வது, ஆகவே பாதையை வெட்டி மீட்டரை நடுவில் சேர்க்கவேண்டும். அப்போது அதன் மின்தடை மிகச் சிறியதாக இருக்கவேண்டும். ஆம்பியர் துளையில் கம்பியைச் செருகிய மீட்டரைப் பிளக் பாயிண்ட்டில் வைத்தால், ஃபேஸையும் (மின்னழுத்தத்தோடு வரும் கம்பி) நியூட்ரலையும் (திரும்பிச் செல்லும் கம்பி) ஒரு கம்பியால் நேரே இணைத்ததற்கு ஒப்பாகும். வீட்டில் மின்னோட்டத்தை அளக்க, கம்பியைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் மீட்டரே உகந்தது.

ரெசிஸ்டன்ஸ் அதிகமா இருந்தா சூடு அதிகமா, குறைவா இருந்தா அதிகமா? புத்தகத்துல ரெண்டு மாதிரியும் போட்டிருக்கு.

இது நியாயமான குழப்பம். வெப்பத்துக்கான திறனை ‘மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை’ என்றும் எழுதலாம், ‘மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை’ என்றும் எழுதலாம். முதல் வடிவத்தில் மின்தடை கூடினால் வெப்பம் கூடுவதுபோலவும், இரண்டாவதில் குறைவதுபோலவும் தோன்றும். இரண்டும் சரி, எது மாறாமல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எதைப் பயன்படுத்துவது என்று முடிவுசெய்ய வேண்டும்.

வீட்டில் எல்லாக் கருவிகளும் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பக்க இணைப்பில் உள்ளன. எல்லாவற்றுக்கும் 230 வோல்ட் பொது. அங்கே மின்தடை குறைவான கருவியே அதிக வெப்பம் தரும். அதனால்தான் 2000 வாட் ஹீட்டரின் மின்தடை இஸ்திரிப் பெட்டியினுடையதில் பாதியாக இருக்கிறது. ஆனால் ஒரே பாதையில் அடுத்தடுத்து இருப்பவற்றுக்கு மின்னோட்டம் பொது. அங்கே மின்தடை அதிகமான இடமே அதிகம் சூடாகும்.

இரண்டாவது நிலைமைக்கு வீடுகளில் அடிக்கடி காணும் சான்று கருகிய பிளக். 2000 வாட் ஹீட்டருக்குச் செல்லும் 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி, போகவும் வரவும் சேர்த்து 20 மீட்டர் என்று கொள்வோம். அதன் மின்தடை 0.15 ஓம், அதில் 8.7 ஆம்பியர் செல்லும்போது உண்டாவது 11 வாட் வெப்பம், அதுவும் 20 மீட்டரிலும் பரவியது. அதே பாதையில் பிளக்கின் பின் தளர்ந்து, தொடும் இடத்தில் வெறும் 0.5 ஓம் மின்தடை ஏற்பட்டால், அந்த ஒரு புள்ளியில் மட்டும் 38 வாட் வெப்பம் உண்டாகும். ஃபியூஸோ, மின்னோட்டம் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் எம்.சி.பி.யோ இதைத் தடுக்காது. மின்னோட்டம் கூடவில்லை அல்லவா? பிளக் சூடாவதையோ பின் கறுப்பதையோ கண்டால் அன்றே மாற்றிவிடுங்கள். தளர்ந்த இணைப்புகளால் தீப்பிடிப்பது இப்படித்தான்.

60 வாட், 100 வாட் குண்டு பல்பு ரெண்டையும் தொடர் இணைப்புல போட்டா எது பளிச்சுன்னு எரியும்?

60 வாட் பல்பு. பல்பின் மேல் எழுதியுள்ள வாட், அதன் இரு முனைகளுக்கு இடையே 230 வோல்ட் முழுதும் இருந்தால் மட்டுமே பொருந்தும். அதன்படி கணக்கிட்டால் 60 வாட் பல்பின் மின்தடை 882 ஓம், 100 வாட் பல்பினுடையது 529 ஓம். தொடரில் மின்னோட்டம் பொது. ஆகவே முந்தைய விடையின்படி மின்தடை அதிகமுள்ள 60 வாட் பல்பே மின்னழுத்தத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு கூடுதல் ஒளி தரும். இரண்டுமே தம் முழு ஒளியைத் தரமாட்டா. எல்.இ.டி. பல்புகளுக்குள் மின்னணுச் சுற்று இருப்பதால் அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

60 வாட் பல்பை மீட்டர்ல அளந்தா 65 ஓம்தான் காட்டுது. 882 ஓம்னு சொன்னீங்களே?

மீட்டர் அளந்தது குளிர்ந்த இழையை. எரியும்போது டங்ஸ்டன் இழையின் வெப்பநிலை 2500 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். உலோகங்களின் மின்தடை வெப்பநிலையோடு கூடும் என்பதால் அது பத்து மடங்குக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. ஓம் விதியில் ‘வெப்பநிலை மாறாதிருந்தால்’ என்று சொன்னது இதற்காகத்தான். குண்டு பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்சைப் போடும் நொடியிலேயே இழை அறுந்துபோவதற்கும் இதுவே காரணம். குளிர்ந்த இழை முதல் கணத்தில் பல மடங்கு மின்னோட்டத்தை எடுக்கிறது. ஹீட்டரின் சுருளில் உள்ள நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) கம்பியின் மின்தடை வெப்பத்தால் மிகச் சிறிதளவே மாறும். ஆகவே ஹீட்டரை மீட்டரில் அளந்தால் கணக்குக்கு நெருங்கிய விடையே கிடைக்கும்.

ஆளைக் கொல்றது வோல்டேஜ் இல்ல, கரண்ட்தான்னு சொல்றாங்களே. அப்ப வோல்டேஜுக்குப் பயப்பட வேண்டாமா?

இந்த வாசகம் பாதி உண்மை. பாதி உண்மையாக இருப்பதாலேயே ஆபத்தானது. உடலுக்குத் தீங்கு செய்வது உடலின் வழியே செல்லும் மின்னோட்டம்தான். 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டத்தில் ஒரு மில்லி ஆம்பியர் அளவை நாம் உணரத் தொடங்குகிறோம். 10 மில்லி ஆம்பியரை ஒட்டித் தசைகள் இறுகி, பிடித்ததை விடமுடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நீடித்தால் மூச்சு முட்டும். அதற்கும் மேலே போனால் இதயம் ஒழுங்கிழந்து துடிக்கும். ஆனால் அந்த மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது உடலின் இரு இடங்களுக்கு இடையே உள்ள மின்னழுத்தமும் உடலின் மின்தடையும். உலர்ந்த தோல் பல்லாயிரம் ஓம் மின்தடை தரும். நனைந்த கை, வெறுங்கால், ஈரத்தரை என்றால் மொத்தமே ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். குளியலறையில் விபத்துகள் ஏன் உயிரைப் பறிக்கின்றன என்பதை இந்த ஒரு வகுத்தலே சொல்லிவிடும்.

கார் பேட்டரியின் இரு முனைகளையும் உலர்ந்த கையால் தொட்டால் ஒன்றும் தெரிவதில்லை. 12 வோல்ட்டால் தோலைத் தாண்டி உணரும் அளவுக்கு மின்னோட்டத்தைச் செலுத்த முடியாது. அதே முனைகளுக்கு இடையே ஒரு ஸ்பேனர் விழுந்தால் பேட்டரியின் உள்ளேயும் ஸ்பேனரிலும் சேர்த்து மின்தடை நூறில் ஒரு பங்கு ஓம் அளவுதான். ஆயிரம் ஆம்பியர் வரை பாய்ந்து உலோகத்தையே உருக்கும். பேட்டரி மாறவில்லை, மின்னழுத்தம் மாறவில்லை. இடையில் வந்த பொருளின் மின்தடை மட்டுமே மாறியது.

மின்கம்பியில காக்கா உக்காந்தா ஒண்ணும் ஆகல. நாம தொட்டா மட்டும் ஏன்?

காக்கையின் இரு கால்களும் ஒரே கம்பியில், சில சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ளன. அந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தம் மிக மிகச் சிறியது. தரையில் நிற்கும் நமக்கோ ஒரு புள்ளி கம்பி, மற்றொரு புள்ளி பூமி. தெருவில் உள்ள டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் பூமியுடன் இணைக்கப்பட்டிருப்பதால், மண் வழியாகத் திரும்பிப்போக ஒரு பாதை இருக்கிறது. பெரிய பறவைகள் இறக்கையால் ஒரே நேரத்தில் இரண்டு கம்பிகளைத் தொட்டு இறப்பதும் உண்டு.

வீட்டுக்கு எர்த் போட்டிருக்கு, எம்.சி.பி.யும் இருக்கு. அப்புறம் ஆர்.சி.சி.பி. எதுக்குத் தனியா?

கட்டாயம் வேண்டும், காரணத்தை ஓம் விதியே காட்டும். கிரைண்டரின் உள்ளே ஃபேஸ் கம்பி உரசி உலோக உடலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போகும். கோடையில் காய்ந்துபோன எர்த் குழியின் மின்தடை 20 ஓம் என்றால், 230-ஐ 20-ஆல் வகுக்க 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைச் சாதாரண மின்னோட்டம் என்றே கருதி அமைதியாக இருக்கும். கிரைண்டரின் உடலோ அபாயகரமான மின்னழுத்தத்திலேயே நிற்கும். ஒருவர் அதைத் தொட்டு அவர் உடல் வழியே 100 மில்லி ஆம்பியர் சென்றாலும், எம்.சி.பி.யைப் பொறுத்தவரை அது ஒரு பொருட்டே அல்ல. எம்.சி.பி. காப்பது கம்பிகளை; மனிதர்களை அல்ல.

ஆர்.சி.சி.பி. செய்வது வேறு வேலை. ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. பல்பைப் பற்றிய விடையில் நினைவில் வைக்கச் சொன்னது இதைத்தான். 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்தால், எங்கோ வேறு பாதையில் கசிகிறது என்று பொருள். நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் வகையையே வாங்கவேண்டும். மாதம் ஒருமுறை அதன் மேலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவேண்டும். ஒரே நேரத்தில் ஃபேஸையும் நியூட்ரலையும் இரு கைகளால் தொடுபவரை மட்டும் அதனால் காப்பாற்ற முடியாது. அவர் உடல் வழியே போனதும் திரும்பியதும் சமமாகிவிடும்.

என் போனுக்கு 2 ஆம்பியர் சார்ஜர். 3 ஆம்பியர் சார்ஜர் போட்டா போன் கெட்டுடுமா?

மின்னழுத்தம் ஒன்றாக இருந்தால் கெடாது. 3 ஆம்பியர் என்பது அந்தச் சார்ஜரால் கொடுக்கக்கூடிய உச்ச அளவு. எவ்வளவு எடுப்பது என்பதைப் போனின் உள்சுற்று தீர்மானிக்கிறது. இக்காலத்து வேகச் சார்ஜர்கள் போனுடன் தொடர்புகொண்டு, அது கேட்ட பிறகே மின்னழுத்தத்தை உயர்த்துகின்றன. ரூட்டர் போன்றவற்றில் கவனம் தேவை: 5 வோல்ட் கேட்கும் கருவிக்கு 12 வோல்ட் அடாப்டரைப் போட்டால் கருகிவிடும்.

பழைய செல்லை அளந்தா 1.4 வோல்ட் காட்டுது, ஆனா டார்ச் எரியல. மீட்டர் தப்பா?

மீட்டர் சரிதான். ஒவ்வொரு மின்கலத்துக்குள்ளும் ஒரு அகமின்தடை இருக்கிறது. செல் தீரத் தீர அது கூடும். மீட்டர் ஏறத்தாழ மின்னோட்டமே எடுக்காது என்பதால் அகமின்தடையில் எதுவும் இழக்கப்படாமல் 1.4 வோல்ட் முழுதும் தெரிகிறது. டார்ச் பல்பு 0.3 ஆம்பியர் கேட்கும்போது, அகமின்தடை 3 ஓம் என்றால் 0.9 வோல்ட் செல்லின் உள்ளேயே தொலைந்து, பல்புக்கு அரை வோல்ட்தான் மிஞ்சும். செல்லையும் பைக் பேட்டரியையும் சுமையோடுதான் அளக்கவேண்டும். செல்ஃப் பொத்தானை அழுத்தும்போது பேட்டரியின் மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பதே அதன் உண்மையான நிலை.

மிக்ஸி மோட்டாரை அளந்தா 20 ஓம். 230-ஐ 20-ஆல வகுத்தா 11 ஆம்பியர். ஆனா அவ்வளவு எடுக்கலையே?

சுழலும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டராகவும் இயங்குகிறது. காந்தப்புலத்தில் சுழலும் அதன் சுருள்களில், கொடுக்கப்பட்ட மின்னழுத்தத்தை எதிர்த்து ஒரு மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. மீதமுள்ள வேறுபாடுதான் சுருளின் மின்தடை வழியே மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. ஆகவே மின்னோட்டம் இரண்டு மூன்று ஆம்பியரில் நின்றுவிடும். மாறுதிசை மின்னோட்டம் என்பதால் சுருளின் தூண்டல் எதிர்ப்பும் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்ப்பது) சேர்ந்துகொள்ளும். மீட்டரின் ஓம் அளவில் அது தெரியாது. ஊறாத பருப்பைப் போட்டு மிக்ஸியின் பிளேடு சிக்கிக்கொண்டால் எதிர் மின்னழுத்தம் இல்லாமல் போய், மின்னோட்டம் சட்டென்று ஏறும். அப்போதுதான் மிக்ஸியின் அடியிலுள்ள ஓவர்லோடு பொத்தான் வெளியே துள்ளுகிறது.

லோ வோல்டேஜ்ல கரண்ட் குறையணும். ஆனா மோட்டார் ஏன் கருகிப்போகுது?

ஹீட்டருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நீங்கள் சொல்வது பொருந்தும். மின்னழுத்தம் குறைந்தால் அவை குறைவாக எடுத்துக் குறைவாகச் சூடாகும். ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டாருக்கோ, அதே நீரை அதே உயரத்துக்கு ஏற்றும் சுமை மாறுவதில்லை. மின்னழுத்தம் குறைந்தால் வேகம் சற்றுக் குறைந்து, முந்தைய விடையில் சொன்ன எதிர் மின்னழுத்தமும் குறைய, மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சமாளிக்கிறது. சுருளின் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கமாக ஏறுவதால் மின்காப்பு கருகும்.

தோட்டத்தின் கோடியில் மோட்டார் வைத்திருப்பவர்கள் கம்பியின் தடிமனையும் பார்க்கவேண்டும். 100 மீட்டர் தொலைவுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி போட்டால், போகவும் வரவும் சேர்த்து 1.5 ஓம். ஒரு குதிரைத்திறன் ஒற்றை ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 6 ஆம்பியர் எடுத்தால் கம்பியில் 9 வோல்ட் மட்டுமே குறையும். ஆனால் தொடங்கும்போது 30 ஆம்பியர் இழுத்தால் 45 வோல்ட் குறைந்து, மோட்டாருக்கு 185 வோல்ட்தான் போய்ச் சேரும். தொடக்க முறுக்குவிசை (மோட்டாரைச் சுழலத் தொடங்கவைக்கும் திருகு விசை) மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். மோட்டார் உறுமிக்கொண்டு நிற்பதற்கு மின்வாரியத்தைக் குறைகூறும் முன் இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் தொடக்க இழப்பு 18 வோல்ட்டாக இறங்கும்.

ஓம் விதிப்படி வோல்டேஜ் கூடினா கரண்ட் கூடணும். ஆனா வோல்டேஜைக் கூட்டி கரண்டைக் குறைச்சு அனுப்புறதா பாடத்துல இருக்கு. எது சரி?

என்னிடம் வரும் கேள்விகளில் மிகச் சிறந்தது இது என்று நினைக்கிறேன். கேட்பவர் இரண்டு பாடங்களையும் உண்மையாகவே யோசித்திருக்கிறார். விடை, ‘எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே’ என்பதில்தான் இருக்கிறது. உயர் அழுத்தப் பாதையின் மின்னழுத்தம் என்பது ஒரு கம்பிக்கும் இன்னொரு கம்பிக்கும் இடையே உள்ளது. கம்பியின் மின்தடையை வைத்து ஓம் விதியைப் பயன்படுத்தும்போது எடுக்கவேண்டியதோ, அதே கம்பியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையே உள்ள மின்னழுத்தம். இரண்டும் வெவ்வேறு அளவுகள். முதலாவதை எடுத்து இரண்டாவதின் இடத்தில் போட்டதால்தான் முரண்பாடு தோன்றியது.

கணக்காகப் பார்ப்போம். போகவும் வரவும் சேர்த்து 0.5 ஓம் மின்தடையுள்ள பாதையில் 100 கிலோவாட் அனுப்பவேண்டும். 400 வோல்ட்டில் அனுப்பினால் 250 ஆம்பியர் தேவை. கம்பி நெடுக இழப்பு 125 வோல்ட், வெப்பமாக வீணாவது 31 கிலோவாட்டுக்கு மேல். 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 9.1 ஆம்பியர் போதும். கம்பி நெடுக இழப்பு 4.5 வோல்ட், வீணாவது 41 வாட். இரண்டு நிலைகளிலும் கம்பியின் இரு முனைகளுக்கு இடையே ஓம் விதி அப்படியே பொருந்துகிறது. மறுமுனையில் உள்ள டிரான்ஸ்பார்மர், ஊருக்கு வேண்டிய திறனை மாற்றாமல், பாதையிலிருந்து எடுக்கும் மின்னோட்டத்தை மட்டும் குறைத்துவிடுகிறது. அதாவது பாதையிலிருந்து பார்த்தால் ஊர் என்னும் சுமையின் மின்தடையே பல மடங்கு பெரியதாகத் தெரிகிறது.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு வரும் நேர்த்திசை மின்பாதை சுமார் 1765 கிலோமீட்டர் நீளமும் 6000 மெகாவாட் திறனும் கொண்டது. ஒரு பக்கம் +800, மறுபக்கம் −800 கிலோவோல்ட் என்பதால் இரண்டுக்கும் இடையே 16 லட்சம் வோல்ட். முழுத் திறனுக்கும் 3750 ஆம்பியர் போதுமானது. அதே திறனை 230 வோல்ட்டில் அனுப்ப நினைத்தால் 2.6 கோடி ஆம்பியர் வேண்டும். அதைத் தாங்கும் கம்பியை எந்தக் கோபுரத்திலும் தொங்கவிட முடியாது.

பிளக் பாயிண்ட்ல ரெண்டு ஓட்டையிலயும் டெஸ்டர் எரியுது, ஆனா எந்தச் சாமானும் ஓடல. எப்படி?

வீட்டுக்கு வரும் நியூட்ரல் எங்கோ துண்டிக்கப்பட்டிருக்கிறது. ஏதேனும் ஒரு ஃபேன் அல்லது பல்பின் ஸ்விட்ச் போட்டபடி இருக்கும். ஃபேஸ் அதன் வழியாக நியூட்ரல் கம்பி வரை வந்து நிற்கிறது. பாதை முடிவடையாததால் மின்னோட்டம் சுழி. மின்னோட்டம் சுழி என்றால் அந்த ஃபேனின் இரு முனைகளுக்கு இடையே மின்னழுத்தக் குறைவும் சுழி. ஆகவே நியூட்ரல் துளையும் பூமியோடு ஒப்பிட்டால் 230 வோல்ட்டில் இருக்கிறது. டெஸ்டருக்குள் பத்து லட்சம் ஓம் அளவில் ஒரு மின்தடை இருப்பதால் அதற்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதும், எரிந்துவிடுகிறது. மின்சாரம் இல்லை என்று நினைத்து நியூட்ரல் கம்பியைக் கையால் தொடாதீர்கள்.

தெருவுல நியூட்ரல் அறுந்தப்ப எங்க வீட்டு டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் போச்சு. பக்கத்து வீட்டுல ஒண்ணும் ஆகல. ஏன்?

தெருவில் வீடுகள் மூன்று ஃபேஸ்களில் பிரித்துக் கொடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 400 வோல்ட். பொது நியூட்ரல் அறுந்ததும், வெவ்வேறு ஃபேஸ்களில் உள்ள இரண்டு வீடுகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடர் இணைப்பாகிவிடுகின்றன. பக்கத்து வீட்டில் இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது, 53 ஓம். உங்கள் வீட்டில் டிவியும் சில விளக்குகளும் மட்டும், 530 ஓம் என்று கொள்வோம். 60 வாட், 100 வாட் பல்புகளுக்கு நடந்ததே இங்கும் நடக்கும்: மின்தடை அதிகமுள்ள உங்கள் வீடு 364 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், பக்கத்து வீட்டுக்கு 36 வோல்ட்தான் கிடைக்கும்.

சிக்கனமாகப் பயன்படுத்திய வீட்டின் கருவிகளே எரிவது இதனால்தான். திடீரென்று விளக்குகள் மிகப் பிரகாசமாகவோ மிக மங்கலாகவோ மாறினால் முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். அதிக மின்னழுத்தத்தில் தானாகத் துண்டிக்கும் கருவியை மெயின் பெட்டியில் பொருத்திக்கொள்வதும் பயனுள்ளது.

எங்கயும் இணைக்காத கம்பியில மீட்டர் 80 வோல்ட் காட்டுது. அதைத் தொடலாமா?

பெரும்பாலும் அது போலி அளவு. ஒரே குழாயில் ஃபேஸ் கம்பியோடு நெடுந்தூரம் ஒட்டிச் செல்லும் சும்மா கிடக்கும் கம்பி, அதனுடன் ஒரு சிறிய கெப்பாசிட்டரைப்போல் (ஒன்றையொன்று தொடாத இரு கடத்திகள், ஆனாலும் மாறுதிசை மின்னோட்டம் சிறிது கடக்கும்) அமைந்துவிடுகிறது. அந்த வழியாக வரும் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான். ஆனால் மீட்டரின் மின்தடை ஒரு கோடி ஓம் என்று முன்பே பார்த்தோம், எட்டு மைக்ரோ ஆம்பியரே அதில் 80 வோல்ட்டாகத் தெரியும். குறைந்த உள்மின்தடையில் அளக்கும் வசதி சில மீட்டர்களில் உண்டு. அதில் அளந்தால் போலி மின்னழுத்தம் உடனே சரிந்துவிடும், உண்மையானது அப்படியே நிற்கும். அப்படிச் சோதித்து, மெயினை அணைத்து, மறுபடியும் அளந்து உறுதிசெய்த பிறகே கம்பியில் கை வைக்கவேண்டும்.